பிள்ளைக்குக் குத்திய கொடி

செமோர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஈப்போவுக்கு அப்போது ஒரே பஸ்தான். அதுவும் பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடும். ஜப்பானியர் ஆட்சி. தமிழர்கள் வெளியே கிளம்பினால் சட்டையில் மூவர்ணக் கொடிச் சின்னத்தைக் குத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்தால் சோதனைச் சாவடியில் ஜப்பானியச் சிப்பாய் பெரும்பாலும் விட்டுவிடுவான்.

அன்று எங்கள் மகளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். எஸ்டேட் மருந்தறையில் வெறும் போத்தல்கள்தான் இருந்தன. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் ஏறினோம். அவள் நாங்கள் பெற்றவள் அல்ல. பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனரைச் சிப்பாய்கள் கொண்டுபோன பிறகு, அவர் மனைவி கைக்குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் குழந்தை இறந்து அப்போது பத்து நாள். என் மனைவிக்குப் பால் வற்றியிருக்கவில்லை.

"அண்ணே, பிள்ளைக்கும் ஒரு கொடி குத்துங்க லா," என்றார் கண்டக்டர். "சீன மூஞ்சி. பார்த்தா விடமாட்டான்."

என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதைக் கழற்றிக் குழந்தையின் கவுனில் குத்தினேன்.

"நானே இங்கதான் பொறந்தேன். இந்தக் கொடியோட ஊரு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது," என்றாள் மனைவி. "காய்ச்சல்ல கிடக்குறவளுக்கு எதுக்குக் கொடி?"

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கைக்குழந்தைக்கு யாரும் கொடி குத்துவதில்லை. சாவடியில் எல்லாரும் இறங்கிக் குனிந்து வணங்கியபோது சிப்பாயின் கண் நேராக அங்கேதான் போனது. முதலில் சிரித்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். கொடியைப் பிடுங்கி எறிந்தான்.

அவன் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழர். "யாரு பிள்ளைம்மா இது?"

"என் பிள்ளை."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

"மூஞ்சியா பால் குடிக்குது?"

சொல்லிவிட்டு அவள் சாலையோரப் புல்லில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடி, குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள். பஸ்ஸே பார்த்துக்கொண்டு நின்றது. குழந்தை குடிக்கும் சத்தம் கேட்டது. சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தான். என் சட்டையிலும் கொடி இல்லை. இரண்டு அறை விழுந்தது. பிறகு ஏறச் சொன்னான்.

செம்மண்ணில் கிடந்த கொடியை எடுக்கக் குனிந்தேன்.

"விடுங்க," என்றாள்.

விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்க நான்கு நாள் ஆனது. திரும்பும்போது அதே சாவடி, அதே இருவர். எங்கள் மூவரிடமும் கொடி இல்லை. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி இறங்கினாள். யாரும் கேட்பதற்கு முன் மொழிபெயர்ப்பாளரிடம் போய் நின்றாள்.

"என் பிள்ளைதான். இன்னொரு தடவை உட்காரணுமா?"

அவர் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிப்பாய் நகர்ந்து வழிவிட்டான்.