எட்டு இஞ்ச் வூஃபர்

இளையபெருமாளும் அவர் மகள் வேம்புவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தஞ்சாவூருக்குப் போய் ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தது. இரண்டாயிரத்து எட்டு, ஆவணி மாதம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊருக்கும் அரசாங்கத்தின் இலவச டிவி வந்து சேர்ந்திருந்தது. படத்துக்குக் குறைவில்லை. சத்தம்தான் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவர், அறுபத்து மூன்று வயதில் மகளிடம் முதன்முதலாக ஒன்று கேட்டார்.

"ஒரு வூஃபர் வச்சுக் குடு பாப்பா. சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கணும்."

வேம்பு எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. ஆறாயிரம் ரூபாய்க்குள் எது தேறும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அப்துல் மஜீது தன் கையாலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டி விற்பவர். எட்டு இஞ்ச் வூஃபர் பெட்டி ஒன்றை ஓடவிட்டார். இளையபெருமாள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைப் பலகைமேல் வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. பலகையின் வழவழப்பில் மயங்கிவிட்டார் என்று வேம்பு நினைத்தாள். அட்டைப்பெட்டியில் ஐயாயிரம் வாட்ஸ் என்று போட்டிருப்பதைக் காட்டி, இதை யார் நம்புவது என்று மஜீதைக் கேட்டாள்.

"அது அட்டைப்பெட்டியோட வாட்ஸ் தங்கச்சி. உள்ள இருக்கிறது அறுபதுதான். பெரியவரு ஆசைப்படுறாரு, குடுத்துருவோமே."

வேம்பு இசையவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, தகரக் கூரை. எட்டு இஞ்ச் வூஃபர் கூரையைத்தான் அதிரவைக்கும், ஒரு வார்த்தையும் புரியாது. இந்தப் பணத்தில் வூஃபரும் வாங்கி நல்ல ஸ்பீக்கரும் வாங்க முடியாது. சின்ன ஸ்பீக்கர் இரண்டு, அவற்றுக்குத் தோதாக இருபத்தைந்து வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் ஒன்று போதும், பேச்சு தெளிவாகக் கேட்கும். இதையெல்லாம் அங்கேயே நின்று அப்பாவுக்கு விளக்கினாள். அவர் தலையாட்டினார். நீ சொன்னால் சரி என்றார்.

அந்தத் தலையாட்டல், பண்ணையாளாக இருந்த காலத்தில் கற்றது. மிராசுதாரை ஒன்றை இரண்டாம் முறை சொல்ல வைக்கக் கூடாது. காதில் விழாவிட்டாலும் சரிங்க என்றுவிட்டு, அப்புறம் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முறைதான் அவர் தலையாட்ட மறுத்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்த பண்ணை நிலத்தில் ஒன்றேகால் ஏக்கருக்கு அவர் பேரில் பட்டா வந்த வருஷம் அது. நாற்று விட்டிருந்தார். நிலம் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பண்ணையிலிருந்து ஆள் வந்தது. முடியாதுங்க என்றார். அன்று மாலையே நாற்றங்காலில் மாடுகளை விட்டார்கள். மறு மாதம் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். வழக்கு பதினாறு வருஷம் இழுத்தது. உள்ளூரில் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர் அரவை மில்லில் இயந்திரத்தோடு நின்றார், பதினாறு வருஷமும். கடைசியில் நிலம் வந்தது. வேம்பு படித்தது மில் கூலியில்.

வீட்டில் அவர் வயரைப் பல்லால் சீவப் போனார். வேம்பு பிடுங்கிக் கத்தரியால் சீவினாள். அவர் பிடித்துக்கொள்ள, அவள் முனையை முறுக்கிச் சொருகினாள். செய்தி ஓடியது. ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் உள்ளங்கையை வைத்தார்.

"கோன்ல கை வைக்காதீங்கப்பா, கிழிஞ்சிரும்."

கையை எடுத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து, சம்பா நடவுக்கு வரப்பு வெட்டிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வாரிசுச் சான்றிதழ் வேலைக்காகப் பட்டாவைத் தேடி வேம்பு தகரப்பெட்டியைத் திறந்தாள். பட்டாவோடு ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மருத்துவ முகாம் ஒன்றில் அவர் காதைச் சோதித்து வரைந்த வரைபடம். படிக்க அவளுக்கு ஒரு பார்வை போதும். கனத்த சத்தங்கள் ஓரளவு கேட்கும். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே கோடு கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. இரண்டு காதும் அப்படியே. பேச்சைத் தெளிவாக்குகிற இடம் முழுவதும் போயிருந்தது. அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர் அந்த இடத்துக்கானது.

அம்மா காத்தாயிக்கு இது முன்பே தெரியும். எத்தனையோ வருஷமாக அவள் கணவரின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். வேம்பு அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னாரு. மில்லு எரைச்சல்லதான் காது போச்சுன்னு டாக்டரு சொன்னாராம். புள்ளைக்குத் தெரிஞ்சா, எம் படிப்புக்காகத்தானேன்னு நெனச்சுக்கும்னாரு." தாளை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள்: "டிவியில பேசுறது அவருக்கு எதுக்குடி? அத எப்பவோ விட்டுட்டாரு. ஒரு சத்தம் மேல படணும்னாரு, அவ்வளவுதான்."

தொழிற்சாலையில் எந்தக் கருவிக்கும் வேம்பு அது காட்டும் எண்ணை நம்பிக் கையெழுத்துப் போட்டதில்லை. தெரிந்த அளவு ஒன்றைக் கொடுத்துப் பார்த்த பிறகே போடுவாள். அப்பாவிடம் மட்டும் ஒரு கேள்வியோடு விட்டுவிட்டாள்.

காத்தாயி இன்னொன்றும் சொன்னாள். நடுவில் ஒரு நாள் அவர் தனியாக பஸ் ஏறி மஜீதிடம் போய் வந்தாராம். எல்லாவற்றையும் கொண்டுவந்தால் வூஃபரும் அதற்கான ஆம்ப்ளிஃபயரும் மாற்றித் தருவதாக மஜீது ஒத்துக்கொண்டாராம். மகள் மனம் நோகும் என்று ஒரு வாரம் யோசித்து, பிறகு வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தார். இறந்தது வியாழன்.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று யாரோ டிவி பக்கத்திலிருந்து ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் எடுத்து வைத்திருப்பார்கள் என்றே வேம்பு இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். நெல் மூட்டைக்குப் பின்னால் ஓர் உரச் சாக்கு கட்டிவைத்திருந்தது. அவிழ்த்தாள். ஆம்ப்ளிஃபயரை அப்பா தன் பழைய வேட்டியில் சுற்றியிருந்தார். ஸ்பீக்கர் இரண்டின் முகத்திலும் அட்டை வைத்துச் சணலால் கட்டியிருந்தார், கோன் கிழியாமல்.