தாம்பாளத்தில் கொட்டியாரக் குடா

முதல்நாள் கடலுக்குப் போன என் கணவர் இன்னும் திரும்பவில்லை. எங்கள் ஊரான கட்டைபறிச்சானில் யாரைக் கேட்டாலும், “பயப்பிடாதேங்கோ தங்கச்சி, வந்திடுவார்” என்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வீட்டில், பழைய தாம்பாளமொன்றில், பள்ளிக்கூடத்துக்காக என் பத்து வயது மகள் மாதிரியாகச் செய்த எங்கள் ஊர்க் கடல், கொட்டியாரக் குடா, இருந்தது. களிமண்ணில் கரை, நடுவே தண்ணீர். வடிவம் பூமிசாத்திரத்தில் படித்தது, அளவு கணக்கில் படித்தது. காற்றில் தோணி எப்படிப் போகும் என்பதை விஞ்ஞான வகுப்பில் ஊதிக் காட்டப் போகிறாளாம்.

நான் ஒரு தீக்குச்சியைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அதுதான் அவருடைய தோணி. கரையைப் பார்த்து ஊதினேன். திரும்பத் திரும்ப ஊதினேன். ஒவ்வொரு முறையும் அவர் கரை சேர்ந்தார்.

“அம்மா, நேத்துக் காத்து அப்பிடி அடிக்கேல்ல,” என்றாள் மகள். “கச்சான் காத்துத்தான் அடிச்சது. கரையிலயிருந்து கடலுக்குத்தான் ஊதோணும்.”

எனக்கும் அது தெரியும்.

“அப்ப நீயே ஊது!” என்று கத்தினேன்.

ஊதினாள். குச்சி குடாவின் வாயைத் தாண்டிப் போய்த் தாம்பாளத்தின் விளிம்பில் முட்டியது. ஊரில் ஒருவரும் என்னிடம் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

அவள் அழுதுகொண்டே குச்சியை எடுத்து மறுபடி நடுவில் வைத்தாள். தன் சின்னக் கையால் குடாவின் வாயை மறித்தாள்.

“இப்ப ஊதுங்கோ அம்மா.”

அவர் திரும்பவேயில்லை. கச்சான் அடிக்கும்போதெல்லாம் நான் இன்றும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.