சோளத்துக்குக் காவல் வைத்த கல்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு நான் தினமும் ஆபீஸ் போகும் பஸ்ஸின் டிரைவர் ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார்.

அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். சோளத்தை அள்ளிக்கொண்டு கல்லை அப்படியே விட்டுப் போவார்கள். இவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, அதை ஓரத்துக்கு உருட்டிவிட்டு வருவார்.

“ஆபீசுக்கு நேரமாவுதுங்க!” என்று ஒருநாள் கத்தினேன்.

“எடுக்க வேற ஆளு இல்லீங்களே சார்” என்றார்.

அதற்குள் பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் பறந்தது. அடுத்த வளைவில் இன்னொரு கல்லில் ஏறிப் புளியமரத்தில் மோதியது. கதவை நெம்பி, ஓட்டிவந்த இளைஞனை வெளியே தூக்கியவரும் இவர்தான். உயிர் போயிருந்தது.

பஸ்ஸுக்குத் திரும்பியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: “நான் நிறுத்தாம போயிருந்தா, அந்தத் தம்பி என் பின்னாடிதான சார் வந்திருப்பான்?”

கல்லை எடுத்துப்போட்டவருக்கு இந்தக் கேள்வி. விட்டுப்போனவர்களோ, மறுநாளே அதே வளைவில் சோளம் கொட்டியிருந்தார்கள், சுற்றிலும் கல் வைத்து.