இருபத்தாறு நாள்

அலுவலகத்தில் அவருக்கு முப்பது நாள் அம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். போர்ப் பதக்கப் பிரிவில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. எதிர் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அவரை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

விதி எளிமையானது. சுவரில் ஒரு வரைபடம்; அதில் சிவப்புக் கோட்டால் அடைத்த பகுதிதான் போர்க்களம். கோட்டுக்குள் முப்பது நாள் பணியில் இருந்தவருக்குப் பதக்கம் உண்டு. எதிரியின் தாக்குதலில் இறந்தாலோ காயம்பட்டாலோ ஒரே நாள் போதும். நோயில் விழுந்து, அல்லது விபத்தில் சிக்கித் திரும்பியவருக்கு நாள் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

பதக்கம் வெண்கலம். முன்பக்கம் உடைந்த பாலமும் அதன்மேல் ஒரு நட்சத்திரமும். பின்பக்கம் போர் நடந்த ஆண்டு, சுற்றிலும் இலைக்கொத்து. நாடாவின் இரு ஓரமும் மண் நிறம், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு, அதன் இருபுறமும் வெள்ளை. மண் அந்த வறண்ட மலைக்கு, வெள்ளை அங்கே பெய்த பனிக்கு. சிவப்பு எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய தம்பி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அப்பா அம்மா போனபின் அக்காதான் அவரை வளர்த்து ஆளாக்கினார். தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோனது. போர்க்களத்துக்குள் போன இருபத்தாறாம் நாள், தம்பியின் லாரி மலைப்பாதையில் சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில், அவர் ஊன்றுகோலுடன் எங்கள் விண்ணப்ப வரிசையில் நின்றார். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தம்பி முகத்தைப் பார்த்ததும் அக்கா பேனாவை மூடி வைத்தார். படிவத்தை வாங்கிக்கொண்டார். நாட்களை எண்ண அவசியமே இல்லை; ஆனாலும் எண்ணினார்.

சொந்தக்காரர் கோப்பை வேறொருவர்தான் பார்க்க வேண்டும். மதியம் அது என் மேசைக்கு வந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாலு நாள்தானேக்கா. ஆஸ்பத்திரியில சேத்த தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "போன மாசம் அந்த பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்து அழுதாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்க பையனுக்கு இருபத்தொன்பது நாள். காய்ச்சல்னு திருப்பி அனுப்பினாங்க, வழியிலேயே போயிட்டான். அவங்களுக்குப் பதக்கம் இல்லைன்னு நான்தான் சொல்லி அனுப்பியிருக்கேன்."

மறுப்புக் கடிதத்தை நான் எழுதினேன். அதைத் தம்பி கையில் கொடுக்க அக்காவே அவர் வீட்டுக்குப் போனார். தம்பி படித்துவிட்டுச் சிரித்தாராம். முதலிலேயே தெரிந்திருந்தால் இன்னும் நாலு நாள் கழித்துக் கவிழ்த்திருப்பேனே என்றாராம். தம்பி மனைவிதான் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அதன்பின் அக்கா அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிதான் பஸ் ஏறி, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அக்காவைப் பார்க்க வருவார்.

ஐந்து வருடம் அப்படிப் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் தம்பிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பத்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் அக்காவும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் இறந்து பதினான்கு மாதம் கழித்து விதி மாறியது. நோயாலோ விபத்தாலோ போர்க்களத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் இனி நாள் கணக்கு இல்லை. சுற்றறிக்கையை அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுக்கப்பட்ட கோப்புகள் நானூற்றுச் சொச்சம் மறுபடி மேசைக்கு வந்தன. தேதி வரிசைப்படிதான் எடுக்கச் சொன்னார். இருபத்தொன்பது நாள் பையனின் பதக்கம் முதலில் போயிற்று. அவன் அம்மா கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்ட ரசீது வந்த பிறகுதான் தம்பியின் முறை வந்தது.

அதைக் கொடுக்கப் போகும்போது, சாட்சிக் கையெழுத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். தம்பி மனைவி கதவைத் திறந்து, நாற்காலி எடுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்தாள். விளிம்பில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இப்ப இதை யார் சட்டையில குத்தறது அண்ணி?"

அக்கா பையிலிருந்து ரசீதுப் படிவத்தை எடுத்தார்.

"அவருக்கு உங்க மேல கோபமே கிடையாது. எனக்குத்தான் இருந்துச்சு. எங்க அக்கா யாருக்காகவும் பொய்யெழுத மாட்டாங்கன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் பெருமையடிப்பாரு. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும்." பெட்டியை மூடி நீட்டினாள். "நீங்களே வச்சுக்கங்க. அவரை வளத்தது நீங்கதானே."

"முடியாதும்மா," என்றார் அக்கா. "விதிப்படி மனைவிக்குத்தான். அக்காவுக்கு இடமில்ல."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது. அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் அக்கா அந்த வீட்டுக்கே குடிபோனார். இரண்டு பேரும் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டார்கள். எப்போதாவது நான் போவேன். தம்பியைப் பற்றித் தம்பி மனைவி நிறையப் பேசுவாள். அந்தப் பேச்சு எழுந்தால் மட்டும் அக்காவுக்குக் கொல்லைப்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.