எல்லாக் கடிதத்திலும் ஒரு சிவப்பு முத்திரை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றை ஒட்டிய ஷெட்டில் எங்கள் ஸ்கேனிங் யூனிட் இருந்தது. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்று கப்பல் வியாபாரம் செய்த காலத்துக் கடிதங்களைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தது. அவற்றை ஸ்கேன் செய்து, ஐரோப்பாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு சிடியில் அனுப்பினோம். அவளுக்குக் கைக்குழந்தை, இங்கே வந்து பார்க்க வழியில்லை. ஸ்கேன் செய்தது நான்தான். தொட்டாலே உதிர்கிற தாள்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் கண்ணாடிமேல் வைப்பேன்.

சிடி போய்ச் சேர்ந்து சில மாதம் கழித்து அவளிடமிருந்து மெயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கடிதம், கொழும்பிலிருந்து வந்தது, தாத்தா எழுதியது, பேரன் எழுதியது, எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் ஒரே மாதிரி மங்கலான சிவப்பு முத்திரை இருக்கிறதாம். அப்படியானால் யாரோ ஒருவர் பிற்காலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போலியாகத் தயாரித்திருக்க வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஆராய்ச்சியையே விட்டுவிடப் போகிறேன், இதுவரை செய்த உதவிக்கு நன்றி என்று முடித்திருந்தாள்.

நன்றியாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. படங்களைத் திறந்து பார்த்தேன். இருந்தது. பழுப்பும் கறையும் திட்டுத் திட்டாக இருக்கிற தாளில் அது தனியாக என் கண்ணில் பட்டதே இல்லை.

கடிதங்கள் அதற்குள் பழவேற்காட்டுக்குத் திரும்பிப் போயிருந்தன. அந்த வீட்டுப் பாய்க்கு போன் போட்டு, பெட்டியைத் திறந்து மூலையைப் பார்க்கச் சொன்னேன். லைனிலேயே காத்திருந்தேன்.

"செவப்பா? ஒண்ணியும் இல்லியேம்மா. சுத்தமா கீது," என்றார்.

அப்படியானால் கோளாறு எங்களிடம்தான். பக்கத்து ஆலையின் இரும்புத் தூசி எங்கள் சாப்பாட்டு டப்பா வரைக்கும் வரும். அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து ரயில் பாஸை எடுத்து ஸ்கேனரில் அதே மூலையில் வைத்து மூடினேன். திரையில் என் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தப் புராதன முத்திரை! ஸ்க்ரூவைக் கழற்றிக் கண்ணாடியைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தேன். தூசி இல்லை, குங்குமம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் முதலாளி எல்லா மெஷினுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். ஸ்கேனருக்குக் கண்ணாடியின் ஓரத்திலேயே வைத்துவிட்டார். மேலே இருந்ததை மறுநாள் துடைத்தோம். இடுக்கு வழியாக அடியில் இறங்கியதை யார் கண்டது? கடிதங்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

அவரைக் கூப்பிட்டுப் பஞ்சைக் காட்டினேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி ஓட்டுவது என்று முனகினார். ஆர்டர் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம் அவருக்கு. தூசி என்று எழுதிவிடலாமே என்றார். ஒரு பெண்ணின் படிப்பே போகப் போகிறது, எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன், தூசி என்று எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். தலையைச் சொறிந்தார்.

"எழுதும்மா. இன்னா ஆவுதோ ஆவட்டும்," என்றார்.

ரயில் பாஸின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் வேலைக்கு வந்து உட்கார்ந்ததுமே ஆபீஸ் போன் அடித்தது. அவள்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, அப்ப அந்தக் கடிதமெல்லாம் நிஜம்தானே?"

"நிஜம்தான்மா. அந்தக் குங்குமம் மட்டும்தான் எங்களுது."

அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழுதாள். அவள் அழுவதைக் கேட்டுக் குழந்தையும் அழ ஆரம்பித்தது. முதலாளி எதிரே நின்று என்ன ஆயிற்று என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவளை நிறுத்தச் சொல்லவில்லை, நன்றாக அழட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.