ஹோபர்ட் மாமா நின்ற இடங்கள்

வெர்னா ஸ்டாம்பர் டாக்டர் இல்லை. வீடு தேடிப் போய் நோய் பார்த்து, மருந்தும் எழுதித்தர உரிமம் வாங்கிய நர்ஸ். டாக்டருக்கு ஒரு டாலர் கொடுக்கிற அதே வேலைக்குக் காப்பீட்டுக்காரர்கள் அவளுக்கு எண்பத்தைந்து சென்ட் கொடுப்பார்கள். மீதிக்கு ஈடாகக் கென்டக்கி மலை மக்கள் சோள ரொட்டியும் பீன்ஸ் ஊறுகாயும் கட்டிக்கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கணக்கில் லாபம் தனக்குத்தான் என்பது அவள் கட்சி.

அவளுக்குத் தலைவலியெல்லாம் அந்த மக்களின் மரியாதைதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், மேலே மரம் விழுந்து கிடக்கிறவர்கூட ‘குறை ஒண்ணும் இல்ல’ என்பார். காப்பீட்டு விதியோ நேர் எதிர். வீட்டை விட்டு வெளியே வருவதே பெரும்பாடு என்று இருப்பவருக்குத்தான் புண்ணுக்குக் கட்டு மாற்ற வீட்டுக்கு ஆள் வரும். அந்தக் கஷ்டத்தை வெர்னா நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டும்.

ஹோபர்ட் ஃபியூகேட் விஷயத்தில் போன தடவை ஒரு பிசகு செய்தாள். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டாள்: ‘எனக்கென்ன, ஊரையே சுத்தி வருவேன்.’ காப்பீட்டு ஆபீஸில் எவனோ ஒரு புண்ணியவான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஊர் சுற்றுகிறவர் ஆஸ்பத்திரிக்கே வரலாமே என்று திருப்பி அனுப்பிவிட்டான். கட்டு மாற்றுவது நின்றால், நீர் கோத்த அந்தக் காலில் புண் எலும்பைத் தொட்டுவிடும். காலே போகலாம்.

அதனால் மறுபடியும் கிளம்பி வந்தாள். வெள்ளம் பாதையை அரித்துவிட்டதால் ஜீப் அடிவாரத்துச் சர்ச்சோடு சரி. அங்கே படிக்கட்டில், இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக, ஊன்றி நடக்கிற நடைவண்டியைப் பிடித்தபடி ஹோபர்ட் உட்கார்ந்திருந்தார்.

“இங்க என்ன பண்றீங்க, மாமா?”

“நீ பாவம் மேடு ஏறணுமேன்னு நானே இறங்கி வந்துட்டேன். காலையில சாப்பிட்டதும் கிளம்பினேன்.”

அப்போது மத்தியானம். வெர்னாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“உங்களால வெளிய வர முடியலன்னு எழுதத்தான் வந்தேன். நீங்க மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க.”

“வீட்டுக்கு வர்ற பொம்பளைய எதிர்கொண்டு கூப்பிடலன்னா எங்கம்மா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து அறைவா.”

“ஜெபம் பண்ண வெளிய வந்தா மட்டும் விதியில தடை இல்ல. உள்ள போய் ஜெபமாவது பண்ணீங்களா?”

“பண்ணேனே. நீ சீக்கிரம் வரணும்னு.”

வெர்னா சிரித்துவிட்டாள். நீலம் பாரித்த அவர் உதட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மெல்ல எழுப்பி மேட்டில் ஏற்றினாள்.

முதல் திருப்பத்தில் அவர் நின்றார். “இந்த வால்நட் மரத்தப் பாரு. எங்கப்பா வெச்சது.” அவருக்கு மூச்சு அடங்கும்வரை வெர்னா மரத்தைப் புகழ்ந்தாள். அப்புறம் உடைந்த வேலியருகே நின்று, அதைத் தாண்டிய காளையின் கதையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டார். கோழிக்கூண்டருகே கோழிகளின் பெயர்களைச் சொன்னார். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கோழி முட்டையே இட்டுவிடலாம். எல்லாம் அவள் ஏற்கெனவே பார்த்ததுதான். புதிதாகப் பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டாள். வீட்டு நாய் குரைத்தபோது, அதைப் பிடிக்க முன்னால் ஓடினாள்.

உள்ளே நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக் கட்டைப் பிரித்தாள்.

“இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?”

“குறை ஒண்ணும் இல்ல.”

“முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாமா. கட்டு மாத்த வர்ற பொண்ண நிறுத்தப் போறாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அந்த வார்த்தை என் வாயில வராதும்மா.”

வெர்னாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “சரி, நான் கண்ணால பாத்தத எழுதறேன்” என்று பேனாவை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். “மரத்தடியில் நின்றார், மூச்சு வாங்கியது. வேலியருகே நின்றார், பேச்சு வரவில்லை. கோழிக்கூண்டருகே நின்றார், உதடு நீலம்.”

“அது உனக்கு எடத்தக் காட்ட நின்னேன்.”

“காட்டுனீங்க. நானும் பாத்தேன்.”

புதுக் கட்டுப் போட்டு, பையை மூடி, ஊறுகாய் ஜாடியையும் வாங்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போய்விட்டாள். பின்னால் அவர் தொண்டையைக் கனைத்தார்.

“ஏம்மா, ஊத்துக்கிட்டயும் நின்னேன். நீ நாயப் பிடிக்கப் போயிட்ட. பாக்கல.”

“அங்க என்ன காட்ட நின்னீங்க?”

“ஒண்ணும் காட்டல” என்றார் ஹோபர்ட்.

வெர்னா திரும்பி வந்து உட்கார்ந்து, அதையும் எழுதினாள்.