மூச்சு வாங்கும் புல்லாங்குழல்

கல்லூரிக் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்காக, புரோகிராம் எழுதிப் புல்லாங்குழல் ஓசையை உண்டாக்க முயன்றுகொண்டிருந்தேன். எந்தக் குழலையும் பதிவு செய்து சேர்க்கக் கூடாது. வெறும் எண்களிலிருந்தே ஓசை பிறக்க வேண்டும். நிஜக் குழலையும் என்னுடையதையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, எது நிஜம் என்று வகுப்பில் மேடம் கேட்பார். வகுப்பு தடுமாறினால் எனக்கு வெற்றி.

முதல் முறை யாரும் தடுமாறவில்லை. "காலிங் பெல் அடிக்குது, யாராச்சும் கதவத் தெறங்கப்பா" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு தருவதாக மேடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோற்றுவிட்டு வீடு திரும்பிப் பழக்கமில்லை. தருமபுரியிலிருந்து மொரப்பூர் பஸ்ஸில் அதே ஓசையைக் காதில் ஓடவிட்டபடி வந்தேன். ஜன்னலுக்கு வெளியே சோளக்காடுகள் அசைந்தன. ஓசை மட்டும் அசையவில்லை.

அம்மா வெந்நீர் அடுப்பின் முன் குந்தியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒலிக்கவிட்டேன்.

"என்னடி, இவன் மூச்சே வாங்காம ஊதறான்?"

"ஆளே இல்லம்மா. கம்ப்யூட்டரு."

"எதுவா இருந்தா என்ன, இப்படி ஊதுனா செத்துருவான்" என்று சொல்லிவிட்டு ஊதாங்குழலை வாயில் வைத்தாள்.

முதலில் 'உஸ்' என்று வெறும் காற்று. பிறகு அது தடித்தது, கங்கு சிவந்தது. கடைசியில் மெலிந்து, நடுங்கி, நின்றது. அம்மாவின் தோள்கள் உயர்ந்தன. மறுபடி காற்று. புகைக்குள் எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அடுப்பும் அம்மாவும் நானும் ஒரே மூச்சில் உப்பி அடங்குவதுபோல் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த மூச்சின் போக்கைத்தான் எண்களாக எழுதினேன். ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் கொஞ்சம் காற்று, முடியும் இடத்தில் ஒரு சோர்வு, அப்புறம் ஓர் இடைவெளி.

மேடம் இரண்டையும் மறுபடி ஒலிக்கவிட்டார். கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் குழல்தான் நிஜம் என்று பாதிக் கைகள் உயர்ந்திருந்தன. காலிங் பெல் என்றவளின் கையும்.

வெளியே வந்ததும் அம்மாவைப் போனில் அழைத்து ஒலிக்கவிட்டேன். முடியும்வரை கேட்டாள்.

"இப்பத்தான் பொழச்சிருக்கான்" என்றாள். "குடிக்கத் தண்ணி குடு."